பேரப்பிள்ளைகளைக் கோயிலுக்கு இழுத்துப் போகும் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி

கேள்வி: 6 செப்டம்பர் 2025, காலை 9.15

செப்டம்பர் விடுமுறை வந்தாச்சு. இனி சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். பிள்ளை கைப்பேசிக்கு அழும், இவர்கள் அதன் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார்கள். அதற்கு என்ன புரியும்? நம்பிக்கை என்பது வளர்ந்த பிறகு அவரவர் யோசித்து முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் பக்தி வளர்க்கிறீர்களா, பொழுதைப் போக்குகிறீர்களா? பெரியவர்கள் யாராவது மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

6 செப்டம்பர், சனி, இரவு 11.05

இழுத்துக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருவன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், யீஷூனில் வீடு. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் விடுமுறை வாரம் முழுக்கப் பிள்ளைகள் எங்களிடம். பேரன் தொடக்கநிலை மூன்று, பேத்தி பாலர் பள்ளி. மருமகள் கத்தோலிக்கப் பெண் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் துப்பறிந்து சொல்ல வேண்டாம்.

பொழுது போக்கா என்று கேட்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் இரண்டு தடம் மாறிப் பாருங்கள், போவது பொழுதா உயிரா என்று தெரியும்.

இன்று எங்கும் போகவில்லை. சீனர்களுக்கு ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாள். சாயங்காலம் எங்கள் புளோக்குக்குக் கீழே எரிக்கும் தொட்டிகளைச் சுற்றி நல்ல கூட்டம். புல்தரையில் ஊதுபத்தி, ஆரஞ்சு, சோறு. தொட்டிக்குள் கட்டுக்கட்டாகக் காகிதப் பணம்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஏன் காசை எரிக்கிறாங்க?"

"செத்துப்போனவங்களுக்கு அனுப்புறாங்கம்மா."

"நாம என்ன அனுப்புவோம்?"

"எள்ளும் தண்ணியும்."

"அவ்வளவுதானா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. கஞ்சக் குடும்பத்தில் பிறந்துவிட்டோமே என்று நினைத்திருப்பாள்.

8 செப்டம்பர், திங்கள், காலை 10.20

தூக்கம் கெட்டதால் தாமதம். நேற்று ராத்திரி சந்திர கிரகணம். 12.27க்குப் பிடிக்கத் தொடங்கி, 1.30இலிருந்து 2.52 வரை முழுசாக மறைந்து, 3.56க்கு விட்டது. மனைவி சாயங்காலமே சமையலை முடித்து, தேக்கா சந்தையில் வாங்கி வைத்திருந்த தர்ப்பையைக் கிள்ளி எல்லாவற்றிலும் போட்டாள். தண்ணீர் ஜாடி, தயிர்க் கிண்ணம், ஊறுகாய் பாட்டில், அரிசி டப்பா. பேரன் பின்னாலேயே போய், "பாட்டி, ஐஸ்கிரீமுக்கும்" என்றான். மேக்னம் பெட்டியின் மேல் இப்போதும் ஒரு துண்டு தர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்றரை மணிக்கு அவனை எழுப்பி வெளியே நடைபாதைக்குக் கூட்டி வந்தேன். "கிரகணத்தைப் பிள்ளைக்குக் காட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல். காட்டினேன். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. விலகியபோதெல்லாம் நிலா செங்கல் நிறத்தில் தெரிந்தது. அவனுக்குக் காரணம் தெரியும். நிலாவின் மேல் பூமியின் நிழல் விழுகிறது, அதன் ஓரமாக வளைந்து வரும் வெளிச்சம்தான் சிவப்பாகத் தெரிகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். அப்புறம் கேட்டான், "அப்போ பாட்டி எதுக்குக் குளிக்கணும்?"

"பாட்டியோட அம்மா குளிச்சாங்க."

"அவங்க எதுக்கு?"

"அவங்க அம்மா குளிச்சாங்க."

"யாராச்சும் ஒருத்தர் நிறுத்தியிருக்கலாமே?"

"யாருக்கும் தைரியம் வரலைப்பா."

நான்கு மணிக்குக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். நானும் குளித்தேன். பூமியின் நிழல் என்று தெரிந்தும்தான் குளித்தேன். கேள்வி கேட்டவர் இதை எந்தக் கணக்கில் வைப்பார் என்று தெரியவில்லை. பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். அவள் குளித்துவிட்டு வரும்போது நான் குளிக்காமல் படுத்துக்கிடந்தால் வீட்டில் ஏதோ ஒன்று குறையும், அவ்வளவுதான்.

பார்க்கத் தவறியவர்களுக்கு: அடுத்த முழுக் கிரகணம் 2026 மார்ச் 3. சாயங்காலம் நிலா எழும்போதே மறைந்த நிலையில்தான் எழும், ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை.

8 செப்டம்பர், இரவு 10.30

இன்று வேளாங்கண்ணி மாதா திருநாள். மருமகள் வேலை முடிந்து நேராக ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்கு வந்துவிட்டாள், நாங்கள் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டோம். 1888இல் கட்டியது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்த ஊரில் அதுதான் தாய்வீடு.

மனைவி வழக்கம்போல வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். பாட்டியைப் பார்த்துப் பேத்தியும் கழற்றினாள். மற்றவர்கள் எல்லாரும் காலணியோடு உள்ளே போக, ஒரு பெரிய சோடியும் ஒரு பூனைப் படம் போட்ட சின்னச் சோடியும் மட்டும் வாசலில் கிடந்தன. மருமகள் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தானும் கழற்றிவிட்டு வந்தாள்.

மெழுகுவர்த்தி ஏற்றியதும் சின்னவள், "ஊதலாமா?" என்று கேட்டதைத் தவிர வேறு சேதமில்லை.

9 செப்டம்பர், செவ்வாய், இரவு 9.50

இன்று கோயில் கிடையாது. கேள்வி கேட்டவர் நிம்மதியாகத் தூங்கலாம். மண்டாய் பேர்ட் பாரடைஸ் போனோம். ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 ஜனவரியில் மூடிவிட்டு அந்த ஆண்டு மே மாதமே இதைத் திறந்துவிட்டார்கள். காத்திப் நிலையத்திலிருந்து இணைப்புப் பேருந்து. முன்னிருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநர் பிரேக் போடுவதைக் கவனிப்பது என் கெட்ட பழக்கம். பிள்ளையாண்டான் நன்றாகவே ஓட்டினார்.

பென்குவின் இருக்கும் குளிர் அறையைவிட்டுச் சின்னவளை வெளியே கொண்டுவர முடியவில்லை. கூட்டமும் வெயிலும் பற்றி எழுதினால் நீளும், விடுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. திரும்பும் பேருந்துக்காக நின்றபோது மேலே ஒரு கருடன் வட்டமிட்டது. வெள்ளைத் தலை, செம்பழுப்பு இறக்கை. மனைவி அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சின்னவள், ஐஸ்கிரீம் பிசுபிசுப்போடு இருந்த கையாலேயே தானும் போட்டுக்கொண்டாள்.

பேரன்: "அது பிராமினி கைட், பாட்டி. மீன் புடிக்கும்."

மனைவி: "புடிக்கட்டுமே. பெருமாள் அது மேலதான் வருவார்."

பேரன்: "அவ்வளவு சின்னது மேலயா?"

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மலாய்க் குடும்பமும் எதைப் பார்க்கிறோம் என்று அண்ணாந்து பார்த்தது.

கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் திணிக்கிறோம் என்பதுபோல் கேட்கிறீர்களே, அது எப்படி நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நான் வேண்டுமென்று சொல்லித் தந்தவை எதுவும் அவர்களிடம் தங்கவில்லை. சின்னவளுக்கு விநாயகர் துதி சொல்லிக் கொடுத்தேன். முதல் வரி தாண்டியதும் சாக்லேட் கேட்பாள்.

10 செப்டம்பர், புதன், மாலை 6.10

"ஐயா, பேருந்து ஓட்டியதால் எதற்கெடுத்தாலும் சுற்றி வளைத்துப் போகிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம் தம்பி. நேர்வழி வேண்டுமென்றால் டாக்சி பிடியுங்கள்.

10 செப்டம்பர், இரவு 11.40

ஹா பார் வில்லாவுக்குப் போய்விட்டு வந்தோம். பாசிர் பாஞ்சாங் சாலையில் எத்தனையோ வருடம் அதன் வாசலில் ஆள் இறக்கியிருக்கிறேன், உள்ளே போய் வெகு காலம். புலித் தைலம் விற்றுப் பணக்காரரான ஓ பூன் ஹோ தன் தம்பிக்காக 1937இல் கட்டிய சிலைப் பூங்கா. பேரன் நரகத்தின் பத்து மண்டபங்களைப் பார்த்தே தீருவேன் என்றான். அந்தப் பகுதிக்கு இப்போது சீட்டு வாங்க வேண்டும். சின்னவளைப் பாட்டியோடு வெளியே பன்றி முகச் சிலையிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் நரகத்துக்குப் போனோம்.

அங்கே எந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தேர்வில் ஏமாற்றினால் குடலை உருவுவார்கள். சோற்றை வீணாக்கினால் உடம்பை இரண்டாக அறுப்பார்கள். கடைசி மண்டபத்தில் ஒரு கிழவி தேநீர் தருவாள், குடித்தால் போன பிறவி மறந்துபோகும், அப்புறம் மறுபிறவி. "தே தாரிக்கா தாத்தா?" என்றான். ஐந்தாவது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் எமன்தான் என்று சொன்னேன். பௌத்தத்தோடு சீனா போய், அங்கிருந்து தென்கடல் வந்து, பாசிர் பாஞ்சாங்கில் கடை போட்டிருக்கிறார். எருமையைக் காணவில்லை என்பதுதான் அவனுக்குக் குறை.

ராத்திரி சாப்பிட்டபோது தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு அவ்வளவு இல்லை. என் அம்மா எங்களை எண்ணெய்க் கொப்பரைக் கதை சொல்லித்தான் வளர்த்தாள். பொய் சொன்னால் கொப்பரை, காசு திருடினால் கொப்பரை. பொய் சொல்வதை நான் நிறுத்தவில்லை. சாமி கும்பிடும்போது கொப்பரைதான் கண்ணுக்குள் வரும், சாமி வராது. அது போக ரொம்ப வருடம் ஆனது. இப்படி வளர்ப்பதைத்தான் கேள்வி கேட்டவர் சொல்கிறார் என்றால் அவரோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் அவர் எழுதியது திருநீற்றைப் பற்றி. திருநீறும் கொப்பரையும் ஒரே பட்டியலில் வராது.

11 செப்டம்பர், வியாழன், இரவு 10.15

சவுத் பிரிட்ஜ் சாலை. 1819இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். நாலு எட்டு நடந்தால், தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல். முதலில் வந்திறங்கிய நம் ஆட்கள் அடுத்தடுத்த வருடங்களில் ஒரே சாலையில் கும்பிட இடம் பிடித்திருக்கிறார்கள். இப்போது சுற்றிலும் சைனாடவுன்.

தீமிதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, தீபாவளிக்கு முன்னால் வரும். ஆனால் குழி வெட்டும் இடத்தைக் காட்டியதும் பேரன் பிடித்துக்கொண்டான். "அப்பா சொன்னாங்க, நீங்க நடந்தீங்களாமே?"

நடந்தேன். எண்பதுகளில். அவன் அப்பனுக்கு அப்போது ஒன்றரை வயது, மூளைக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் நாங்கள். மனைவி வேண்டிக்கொண்டாள், நடக்க வேண்டியவன் நான். பிள்ளை பிழைத்தான். அந்த வருடம் விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலத்தோடு நடந்து போய்ப் பூக்குழியில் இறங்கினேன்.

"சுட்டுச்சா தாத்தா?"

"சுட்டுச்சு."

"பக்தி இருந்தா சுடாதுன்னு பாட்டி சொன்னாங்களே?"

"எனக்குச் சுட்டுச்சுப்பா."

குழியின் கடைசியில் பால் ஊற்றி வைத்திருப்பார்கள். அதில் கால் வைத்த நொடி இன்னும் பாதத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் மேளச் சத்தமாகத்தான் ஞாபகம். மறுநாள் வலது காலில் கொப்புளத்தோடு வேலைக்குப் போனேன். சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது ஒரு தரம், எடுத்து ஆக்சிலேட்டருக்கு மாற்றும்போது ஒரு தரம் என்று அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் ஓட்டினேன்.

மகன் வளர்ந்த பிறகு ஒரு தடவை சொன்னான், "மருந்துதாம்பா காப்பாத்துச்சு." நானும் மறுக்கவில்லை. மருத்துவர் மருந்து கொடுத்தார், தாதி ராத்திரி பகல் பார்த்துக்கொண்டார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சும்மா நிற்க முடியாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். குணமாக்கியது நெருப்பு என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. கேட்டால் மனைவி வேறு மாதிரி சொல்வாள், அது அவள் கணக்கு.

அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட். நாகூர் தர்காவைக் காட்டினேன். 1828 முதல் 1830 வரை கட்டியது. அப்போது கடல் அந்தத் தெரு வரைக்கும் இருந்தது. கப்பல் விட்டு இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அங்கேயே நன்றி சொன்னார்கள். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். ஏறும் முன்னால் என் அம்மா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாள். பிற்பாடு அவளும் இங்கே வந்துவிட்டாள். ஊருக்குப் போய் நேர்த்தியைச் செலுத்தக் காசில்லாததால், தெலுக் ஆயர் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை ஓதி வாங்கி வந்து எங்கள் வாயில் போடுவாள். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

12 செப்டம்பர், வெள்ளி, மாலை 5.30

டோபி காட் நிலையத்தில் தடம் மாறும்போது பிள்ளைகளிடம், "இங்கதான் சிவன் கோயில் இருந்துச்சு" என்றேன். எம்ஆர்டி கட்டுவதற்காக 1983இல் ஆர்ச்சர்ட் சாலையை விட்டுக் கிளம்பி, சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடியேறினார் சிவன். எங்கள் யீஷூனில் இருக்கும் முருகனும் கடற்படைத் தளத்தில் ஒரு மரத்தடியில் இருந்து வந்தவர்தான்.

சின்னவள்: "சாமிக்கும் வீவக வீடு குடுத்தாங்களா?"

அரசாங்க அடுக்குமாடி வீடெல்லாம் இல்லை, மாற்று இடம் கொடுத்தார்கள் என்றேன். எத்தனை அறை என்று கேட்டாள்.

போனது வாட்டர்லூ ஸ்திரீட். கிருஷ்ணன் கோயில் வாசலில் சீனர்கள் ஊதுபத்தி பிடித்து நிற்பதைப் பற்றி எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள். அடுத்த கட்டடமான குவான் இம் கோயிலுக்கு வருகிறவர்கள் இங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். மத நல்லிணக்கம் என்று பெரிய பேச்செல்லாம் அங்கே யாரும் பேசவில்லை. வந்தது வந்தோம், இவரையும் பார்த்துவிடுவோம் என்கிற நினைப்புதான். எனக்கு அது பிடிக்கும்.

13 செப்டம்பர், சனி, காலை 8.00

சில திருத்தங்கள்.

தீமிதி முருகனுக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முருகனுக்குத் தைப்பூசம். தீமிதி திரௌபதிக்கு. அதற்கு முன்னால் வாரக்கணக்கில் பாரதக் கதைச் சடங்குகள் நடக்கும். இரண்டு ஊர்வலமும் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்புவதால் குழம்பியிருப்பார். தைப்பூசம் டேங்க் ரோட்டில் முடியும், இது சவுத் பிரிட்ஜ் சாலையில்.

இன்னொருவர், சீனர்களின் ஏழாம் மாதமும் நம் மஹாளய பட்சமும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும், மூலம் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்கிறார். எப்போதும் வராது. இந்த வருடம் அவர்கள் நாட்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்ததால் ஏழாம் மாதம் தள்ளிப்போய், நம் மஹாளய அமாவாசையும் அவர்களுடைய ஏழாம் மாதக் கடைசி நாளும் ஒரே செப்டம்பர் 21இல் விழுகின்றன. போன வருடம் அவர்களுக்கு செப்டம்பர் 2இலேயே முடிந்துவிட்டது, நமக்கு அக்டோபர் 2.

கொப்பரை விஷயத்தில் என் தாயாரைப் பற்றி எழுதியது மரியாதைக் குறைவு என்று ஓர் அக்கா வருத்தப்பட்டிருக்கிறார். அக்கா, அவள் இருந்திருந்தால் என்னை வைத்துக்கொண்டே இன்னும் இரண்டு கொப்பரை சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

14 செப்டம்பர், ஞாயிறு, இரவு 11.55

பிள்ளைகளை மகன் வந்து கூட்டிப் போய்விட்டான். நாளைக்குப் பள்ளி. நாட்டின் 60ஆம் ஆண்டுக்காக மூத்தோருக்கு அரசாங்கம் தந்த 800 வெள்ளி எஸ்ஜி60 பற்றுச்சீட்டில் ஒரு பெரும்பகுதி உணவங்காடியில் கோழிச்சோறாகவும் மைலோவாகவும் கரைந்துவிட்டது.

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "கதை சொல்கிறீர்கள், பதில் சொல்லவில்லை" என்கிறார். நியாயம்தான். இரண்டு நாளாக யோசித்தேன்.

வளர்ந்த பிறகு அவர்களே யோசித்து முடிவு செய்யட்டும் என்கிறீர்கள். முன்பே எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது: பார்க்காத ஒன்றை எப்படி யோசிப்பார்கள், அதனால் காட்டுகிறேன் என்று. எழுதிப் பார்த்தால் அது கொஞ்சம் சாமர்த்தியமாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் நான் காட்டவில்லையே. மனைவி சோதிடரிடம் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போக விடமாட்டேன். உறவில் ஒரு வீட்டில் குறிசொல்கிறார்கள், அந்தப் பக்கமே போவதில்லை. ஆக நானும் பொறுக்கித்தான் காட்டுகிறேன். எதை வைத்துப் பொறுக்குகிறேன் என்றால், எனக்கு எது வெட்கமாக இல்லையோ அது.

இன்னொன்று. எனக்கு நம்பிக்கை உண்டா என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, குருக்கள் கேட்டதில்லை. கும்பிடு என்றார்கள், கும்பிட்டேன். கடவுள் இருக்கிறாரா என்று உட்கார்ந்து முடிவெடுத்து நான் ஒரு நாளும் கோயிலுக்குக் கிளம்பியதில்லை. வெள்ளிக்கிழமையா, கிளம்பு. பிள்ளைக்கு உடம்பு முடியலையா, கிளம்பு. முடிவெடுப்பது என்பதை முதலில் வைக்கிறீர்கள் நீங்கள். என் வாழ்க்கையில் அது வரவே இல்லை. பேரன் வாழ்க்கையில் வரலாம். கிரகணத்தன்று அவன் கேட்ட கேள்வியைப் பார்த்தால் வரும்போல இருக்கிறது. நான் ஓட்டிய பேருந்தில் ஏறியவர்கள் எல்லாரும் கடைசி நிறுத்தம் வரைக்கும் வந்ததில்லை, மணி அடித்தால் நிறுத்திக் கதவைத் திறப்பதுதான் வேலை.

அடித்தால் எனக்கு வலிக்காதா என்று கேட்டால், வலிக்கும்.

15 செப்டம்பர், காலை 7.30

நேற்று எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சோதிடரை ஏன் ஊருக்கெல்லாம் சொல்றீங்க?" என்பதோடு அவள் விமர்சனம் முடிந்தது.

21 செப்டம்பர், ஞாயிறு, இரவு 9.20

மஹாளய அமாவாசை. கோயிலில் வரிசையாக உட்கார வைத்து, குருக்கள் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டோம். பேரன் தானாகவே வருகிறேன் என்றான். இழுக்கவில்லை, சாட்சிக்கு மகன் இருக்கிறான்.

கோத்திரம் தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்று சொல்லுங்கள் என்றார் குருக்கள், எங்கள் வரிசையில் பாதிப் பேர் சிவ கோத்திரம். அப்பா பேர், தாத்தா பேர் சொன்னேன். கொள்ளுத்தாத்தா பேர் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை. குருக்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார், எதிரில் இருப்பவர் தடுமாறியதும் அவரே சட்டென்று ஒரு பொதுப் பேரைச் சொல்லித் தாண்டிப் போய்விடுகிறார்.

வெளியே வந்ததும் பேரன் பிடித்துக்கொண்டான். "பேர் தெரியாம அனுப்பினா அவருக்குப் போய்ச் சேருமா? தபால்ல அனுப்பினா திரும்பி வந்துடுமே?" பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அவனுடைய தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் எங்கள் வீட்டுப் பேர்களை எல்லாம் எழுதச் சொன்னான். அம்மா பக்கமும் வேண்டும் என்றான். மருமகளிடம் கேட்டால் அவள் பக்கம் ஏழு தலைமுறை தெரிகிறது. மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதியிருக்கிறதாம். இதில் கத்தோலிக்கர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் கீழே கடைசித் தொட்டியை எரித்து முடித்தார். இன்றோடு அவர்களுக்கும் முடிகிறது. மின்தூக்கியில் பார்த்தபோது, "யூ ஆல்சோ டுடே ஆ?" என்றார். ஆமாம் என்றேன்.

24 செப்டம்பர், புதன், இரவு 10.00

மருமகள் புரட்டாசி விரதம் இருக்கிறாளா என்று கேட்டவருக்கு: கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது சைவம் சாப்பிடுகிறாள். "தவக்காலத்துல வெள்ளிக்கிழமையானா மறக்காம மீன் வாங்கி வைக்கிறீங்களே மாமா" என்று ஒரு தரம் சொன்னாள், அதோடு சரி.

பேரன்தான் வழக்காடுகிறான். முட்டை உயிரா இல்லையா. கேக்கில் கலந்த முட்டை கணக்கில் வருமா. பள்ளி கேண்டீனில் பாட்டி இல்லாதபோது கோழி நகட் சாப்பிட்டால் அது யார் பாவம். கேக்கை மட்டும் மனைவி விட்டுக்கொடுத்தாள். நகட் விவகாரம் நிலுவையில் இருக்கிறது. ஆறாவது மண்டபமா எட்டாவது மண்டபமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னையே கிண்டல் செய்கிறான்.

27ஆம் தேதி புரட்டாசிச் சனி. சக்கர நாற்காலியில் அம்மாவைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போக வழி கேட்ட தம்பிக்கு: லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்காதீர்கள், கூட்டத்தில் தள்ளிக்கொண்டு நடப்பது கஷ்டம். ஃபேரர் பார்க்கில் மின்தூக்கியில் மேலே வந்தால் கோயில் பக்கம். நேரம் ஆக ஆகக் கூட்டம் ஏறும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். நாங்களும் அப்போதுதான் அங்கே இருப்போம். பேத்தி வருகிறாள். பேரன் அன்றைக்குக் காற்பந்துப் பயிற்சி இருக்கிறது என்கிறான், விட்டுவிட்டேன்.